மூளை அமைப்புக் குறைக்கு எக்ஸோம் டெஸ்ட்: கொடுக்கிற காசுக்குப் பெறுமா?

மூன்று குழந்தைகளின் எம்ஆர்ஐ படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குழந்தையின் மூளையில் மடிப்பே இல்லை, வழவழவென்று இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு மூளையின் ஒரு பாதி மட்டும் பெருத்திருக்கிறது. மூன்றாவது குழந்தைக்கு மூளையின் மேலடுக்கான புறணி முழுக்கப் பொடிப்பொடி மடிப்புகள், நடுநடுவே சுண்ணாம்புப் படிவு இருக்குமோ என்று சந்தேகம். மூவருக்கும் மருந்துச் சீட்டில் ஒரே வரிதான் எழுதப்படுகிறது: எக்ஸோம் என்ற மரபணு டெஸ்ட். மூன்று வீட்டிலிருந்தும் பல ஆயிரங்கள் போகின்றன. முதல் வீட்டுக்கு அது நல்ல செலவு. இரண்டாவது வீட்டுக்கு, இரத்தத்தில் மட்டும் செய்தால், பெரும்பாலும் தண்டம். மூன்றாவது வீட்டில் அதற்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

அதனால் எந்த ஆய்வகம் நல்லது என்பதை இங்கே எடைபோடவில்லை. இந்தச் சேவையையே எடைபோடுகிறோம். ஆய்வகங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, எந்தப் படத்துக்கு எந்த டெஸ்ட், யாருடைய மாதிரி, எந்தத் திசு என்பதில் வரும் வித்தியாசம் பல மடங்கு பெரிது.

கடையில் என்னென்ன கிடைக்கிறது

மைக்ரோஅரே, எக்ஸோம், முழு ஜீனோம் என்று மூன்று சரக்கு. மைக்ரோஅரே குரோமோசோமில் துண்டு விழுந்திருக்கிறதா, கூடுதலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். எழுத்துப் பிழை அதற்குத் தெரியாது. எக்ஸோம் சுமார் 20,000 மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதியை மட்டும் படிக்கும். மொத்த ஜீனோமில் அது 1 முதல் 2 சதவீதம்தான், ஆனால் நமக்குத் தெரிந்த நோய்ப் பிழைகளில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஜீனோம் எல்லாவற்றையும் படிக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. ‘கிளினிக்கல் எக்ஸோம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் முழு எக்ஸோம் அல்ல. நோயோடு தொடர்பு நிரூபணமான சில ஆயிரம் மரபணுக்கள் மட்டும் அதில் இருக்கும். பட்டியல் எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது நல்ல சரக்கா பழைய சரக்கா என்று தெரியும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் முழு எக்ஸோமே மேல். இரண்டு வருடம் கழித்துப் புது மரபணு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், முழு எக்ஸோமின் பழைய தரவிலேயே தேடிப் பார்க்கலாம். கிளினிக்கல் எக்ஸோமில் அந்த மரபணு படிக்கப்பட்டே இருக்காது.

பணம் கட்டும் முன் கேட்கவேண்டியவை: சராசரி வாசிப்பு ஆழம் எவ்வளவு? ஒரு எழுத்தை எத்தனை முறை படித்தார்கள் என்பதுதான் ஆழம். 80 முதல் 100 இருந்தால் திருப்தி. துண்டு இழப்பு, துண்டு இரட்டிப்பு ஆய்வு இதே விலையில் அடக்கமா, தனிக் கட்டணமா? கச்சாத் தரவு தருவார்களா? அறிக்கைக்குப் பிறகு மரபியல் ஆலோசனை உண்டா, அல்லது பிடிஎஃப் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து விழுமா? கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

ஃபாரம்தான் பாதி டெஸ்ட்

இரத்தம் 2 முதல் 4 மில்லி, ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அது குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கிற கேரியோடைப்புக்கு உரியது, டிஎன்ஏ பெருக்கத்தைக் கெடுக்கும். இரண்டும் ஒரே நாளில் எடுக்கும்போது மாறிப்போவது சாதாரணம். குழந்தைக்குச் சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஃபாரத்தில் நடக்கிறது. ‘வளர்ச்சித் தாமதம், ஃபிட்ஸ்’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால், எக்ஸோமில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எதை முன்னால் வைப்பது என்று ஆய்வகத்தின் அலசல் குழுவுக்குத் தெரியாது. அவர்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை, இந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள். எழுதவேண்டியது இப்படி: பிறந்தபோது தலைச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் (நிறைமாதக் குழந்தைக்கு 34, 35 இயல்பு), இப்போது எத்தனை, எம்ஆர்ஐயில் மடிப்புக் குறைவு முன்பக்கமா பின்பக்கமா, புறணி தடிமன், கார்பஸ் கலோசம் (மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம்), சிறுமூளை, மூளைத்தண்டு, பேசல் கேங்க்லியா (மூளையின் ஆழத்திலுள்ள செல் திரள்கள்) எப்படி, கண், சிறுநீரகம், இதயம், தோல், இரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவு, பெற்றோர் சொந்தமா, எந்த முறை, குடும்பத்தில் கரு கலைந்தது, வலிப்பு இருந்தது யாருக்கு. எம்ஆர்ஐ அறிக்கையின் நகலை மட்டும் இணைப்பதைவிட, படங்கள் உள்ள சிடியை அனுப்புவது நல்லது. சிகே அளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு: புறணி கற்கள் பதித்த தரைபோல் மேடுபள்ளமாக இருந்து, கண்ணிலும் குறை இருந்து, சிகே பல மடங்கு ஏறியிருந்தால், பிஓஎம்டி1, எஃப்கேடிஎன், எஃப்கேஆர்பி போன்ற, தசையையும் சேர்த்துக் கெடுக்கும் டிஸ்ட்ரோகிளைக்கன் மரபணுக் கூட்டம் பக்கம் தேடல் நேராகத் திரும்பிவிடும். ஒரு சாதாரண இரத்த டெஸ்ட், சில நூறு ரூபாய்.

வழவழ மூளை: இங்கே டெஸ்ட் தன் பெயரைக் காப்பாற்றுகிறது

மடிப்பில்லாத வழவழ மூளையான லிசென்செஃபலியில் இந்தச் சேவைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். 811 நோயாளிகளிடம் 17 மரபணுக்களைத் தேடி 2018இல் வெளியான ஆய்வில் 81 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. மரபணு வாரியாக லிஸ்1 40 சதவீதம், டிசிஎக்ஸ் 23, டியூபா1ஏ 5, டைன்சி1ஹெச்1 3. மரபியலில் இவ்வளவு சுத்தமான பங்கீடு அபூர்வம்.

படமே மரபணுவைக் காட்டிக்கொடுக்கும். மடிப்பின்மை தலையின் பின்பக்கம் அதிகமாக இருந்தால் லிஸ்1, முன்பக்கம் அதிகமாக இருந்தால் டிசிஎக்ஸ். சாதாரணப் புறணி 2.5 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். லிஸ்1 குழந்தைக்கு அது 10 மில்லிமீட்டரையும் தாண்டும். காரணம், கருவில் நரம்பு செல்கள் உள்ளிருந்து வெளிப்புறம் ஏறிப்போகிற பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. ஏறவேண்டியவை வழியிலேயே குவிந்து கிடக்கின்றன. பேசல் கேங்க்லியா உருக்குலைந்து, உள்ளே ஓடும் நரம்புப் பட்டை சரியாகத் தெரியாவிட்டால் டியூபுலின் குடும்பம். ஆண் குழந்தை, கார்பஸ் கலோசம் இல்லை, பிறப்புறுப்பு தெளிவாக இல்லை என்றால் ஏஆர்எக்ஸ்.

டிசிஎக்ஸ் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே பிழை மகனுக்கு லிசென்செஃபலி தருகிறது. மகளுக்கு, புறணிக்கு அடியில் இன்னொரு புறணி போல ஒரு பட்டை. டபுள் கார்டெக்ஸ் என்பார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதில் எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மகனுக்கு டிசிஎக்ஸ் வந்தால் அம்மாவின் இரத்தம் கட்டாயம், அவருடைய தலைக்கு எம்ஆர்ஐயும் எடுக்கலாம். அவரிடம் பிழை இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீதம் கடத்தும் வாய்ப்பு. லிஸ்1 அப்படியல்ல. ஏறக்குறைய எப்போதும் குழந்தையிடம் புதிதாக வந்த பிழைதான், அடுத்த குழந்தைக்கு ஆபத்து 1 சதவீத அளவில்.

இந்தக் கடைசி வரியை நம்பி மோசம்போகிற இடம் ஒன்று இருக்கிறது. மில்லர்-டீக்கர் என்ற நோயில் 17ஆவது குரோமோசோமின் குட்டைக் கை நுனியே விழுந்திருக்கும். லிஸ்1 போவதோடு பக்கத்து மரபணுக்களும் போகும். முகத்திலேயே தெரியும்: உயர்ந்த நெற்றி, புருவ நடுவில் செங்குத்துச் சுருக்கம், சிறிய மூக்கு. ஐந்தில் ஒரு குடும்பத்தில் பெற்றோரில் ஒருவரிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவருக்கு எந்தக் கோளாறும் இருக்காது. இந்த இடமாற்றத்தை மைக்ரோஅரே காட்டாது, எக்ஸோமும் காட்டாது. பெற்றோருக்கு எடுக்கவேண்டியது பழைய காலத்துக் கேரியோடைப், கூடவே ஃபிஷ் (ஒளிரும் சாயம் ஒட்டிக் குறிப்பிட்ட துண்டைத் தேடுவது). விலை குறைவு என்பதாலேயே யாரும் எழுதித் தருவதில்லையோ என்று தோன்றும்.

இன்னொரு ஓட்டை: லிஸ்1இல் ஒன்றிரண்டு எக்ஸான் (மரபணுவில் புரதக் குறிப்புள்ள துண்டு) மட்டும் காணாமல்போவது உண்டு. சாதாரண எக்ஸோம் அலசல் அதைத் தாண்டிப்போய், ‘காரணம் எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடும். படம் அச்சு அசலாக லிஸ்1 போலிருந்து ரிப்போர்ட் வெறுமையாக வந்தால், ஆய்வகத்திடம் துண்டு இழப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, துண்டு இழப்பைத் தேடும் எம்எல்பிஏ டெஸ்ட் ஒன்று செய்வதுதான் அடுத்த படி. படத்தை நம்புங்கள், வெறும் தாளை அல்ல.

அரை மூளை பெருத்தால் இரத்தம் பேசாது

மூளையின் ஒரு பாதி பெருக்கும் ஹெமிமெகலென்செஃபலியிலும், குவியமாகப் புறணி கெட்டுக்கிடக்கிற வகையிலும் (எஃப்சிடி இரண்டாம் வகை) பிழை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கரு வளரத் தொடங்கிய பின் ஒரு செல்லில் பிஐகே3சிஏ, ஏகேடி3, எம்டார் போன்ற மரபணுவில் மாற்றம் வந்து, அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மட்டும் பெருத்து வளர்கின்றன. மூளையின் ஒரு பக்கம்தான் அந்த வாரிசுகளின் ஊர். இரத்தத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மூளைத் திசுவையே எடுத்தாலும் கணக்கு கடினம். நூறு செல்லில் பத்தில் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் மாறியிருக்கும். ஆழம் 100 என்றால் பிழையைக் காட்டுவது 5 வாசிப்பு மட்டும். இயந்திரத்தின் சொந்தத் தவறுகளோடு சேர்த்து மென்பொருள் அதையும் கழித்துப்போட்டுவிடும். இங்கே தேவை எக்ஸோம் அல்ல. குறைந்த எண்ணிக்கை மரபணுக்களைப் பல நூறு, ஆயிரம் ஆழத்தில் படிக்கிற தனிப் பேனல்.

திசு கிடைக்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: வலிப்பு அறுவை சிகிச்சை. வெட்டியெடுத்த பகுதி மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டு நோயியல் துறைக்கு அனுப்புவது வழக்கம். ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். அறுவைக்கு முன்பே சொல்லிவைத்து ஒரு சிறு துண்டைத் தனிக் குப்பியில், ஃபார்மலின் படாமல், மைனஸ் 80 டிகிரிக்கு அனுப்பச் சொல்லவேண்டும். அறுவை முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

இரத்த எக்ஸோமை இங்கே முழுக்கவும் தள்ளிவிட முடியாது. தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டு இருந்தால் டிஎஸ்சி (ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ்) நோயின் மரபணுக்களான டிஎஸ்சி1, டிஎஸ்சி2. குடும்பத்தில் வலிப்பு ஓடினால் டெப்டிசி5. இவை இரத்தத்திலும் கிடைக்கும். டிஎஸ்சி என்று தெரிந்தால் சிகிச்சையும் மாறுகிறது: கைக்குழந்தை ஸ்பாசம் என்ற வலிப்பு வகைக்கு விகபாட்ரின் முதல் மருந்து, பிறகு எவரோலிமஸ் என்ற வழியும் திறக்கிறது. இந்தத் துப்பு எதுவும் இல்லாத குழந்தைக்கு இரத்த எக்ஸோம் எழுதுவது, தெற்குத் தெருவில் தொலைத்ததை வடக்குத் தெருவில் தேடுகிற வேலை.

பொடி மடிப்பு: முதலில் கிருமியை விலக்குங்கள்

பொடி மடிப்புக்கு, அதாவது பாலிமைக்ரோஜைரியாவுக்கு, மரபணுக் காரணங்கள் உண்டு. நெற்றிப் பக்கமும் உச்சிப் பக்கமும் இரு புறமும் சமமாக இருந்தால் ஏடிஜிஆர்ஜி1 என்று தனியே நினைக்கவேண்டும். ஆனால் கருவில் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) கிருமி தாக்கினாலும் இதே படம் வரும். அதை உறுதியாகச் சொல்ல சிறுநீரிலோ எச்சிலிலோ பிசிஆர் பிறந்த 3 வாரத்துக்குள் செய்யவேண்டும். பிறகு வந்தால், கருவிலேயே தொற்றியதா வெளியே வந்து தொற்றியதா என்று பிரிக்க முடியாது. சுண்ணாம்புப் படிவை எம்ஆர்ஐ தவறவிடலாம், சிடி காட்டும். செவித்திறன் டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கவேண்டும். இவை முடிந்து, கிருமி இல்லை என்றான பிறகு எக்ஸோம். கிருமி மாதிரியே வேஷம் போடுகிற மரபணு நோய்களும் இருக்கின்றன: புறணியோரம் பட்டைபோலச் சுண்ணாம்பும் பொடி மடிப்பும் சேர்ந்து வந்தால் ஓசிஎல்என் மரபணு, சுண்ணாம்போடு வெள்ளைப்பகுதி கெட்டிருந்தால் ஐகார்டி-கூட்டியேர் நோய். கருவைத் தாக்கும் கிருமிக் கூட்டத்துக்கு டார்ச் என்று பெயர்; ‘டார்ச் நெகட்டிவ், ஆனால் டார்ச் மாதிரி’ என்று ஃபாரத்தில் எழுதினால் அலசுபவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

சிறிய தலையும் சொந்தக் கல்யாணமும்

தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் திருமணம் 28 சதவீதம் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தாய்மாமனைக் கட்டியவர்களின் குழந்தையிடம் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் இரு பக்கமும் ஒரே பிரதியாக வரும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பிறவியிலேயே தலை மிகச் சிறுத்து, மூளை அமைப்பு ஓரளவு ஒழுங்காக இருந்தால் முதல் சந்தேகம் ஏஎஸ்பிஎம், அடுத்தது டபிள்யூடிஆர்62. இந்தக் குடும்பங்களில் ட்ரையோ (குழந்தை, அம்மா, அப்பா மூவருக்கும் சேர்த்து எக்ஸோம்) வாங்கவேண்டியதில்லை. குழந்தைக்கு மட்டும் எக்ஸோம். இரு பிரதியிலும் ஒரே பிழை கிடைத்தால் பெற்றோருக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் சாங்கர் முறையில் பார்த்தால் போதும். காசு மிச்சம். அடுத்த குழந்தைக்கு 25 சதவீதம்.

சொந்தம் என்றாலே ஒடுங்கு மரபு (இரு பிரதியும் கெட்டால்தான் நோய்) என்று கண்ணை மூடிக்கொள்வதுதான் அடுத்த ஆபத்து. சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் லிஸ்1 புதிதாக வரும், டிசிஎக்ஸ் அம்மா வழியில் வரும். வீட்டில் ஏற்கெனவே குற்றவுணர்வு வேறு. தவறான பழி சுமத்தாமலிருக்கவாவது ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படிக்கவேண்டும்.

சிறிய தலையோடு ஃபிட்ஸும் இருந்தால், எக்ஸோம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அமினோ அமிலங்களைப் பார்த்துவிடுவது நல்லது. செரின் உற்பத்திக் குறை (பிஹெச்ஜிடிஹெச்) எல்-செரின் கொடுத்துக் கையாளக்கூடியது, தாமதம் அதற்கு எதிரி. அம்மாவுக்குக் கவனிக்கப்படாத பிகேயூ (ஃபினைலலனின் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் சேரும் நோய்) இருந்தாலும் குழந்தையின் தலை சிறுக்கும். அப்போது குழந்தையின் எக்ஸோம் சுத்தமாகவே வரும்.

ஜூபேர் பற்றி ஒரு சொல். மூளைத்தண்டு கடைவாய்ப்பல் வடிவில் தெரிகிற இந்த நோய்க்கு 30க்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு, எக்ஸோம் இதற்கென்றே பிறந்த டெஸ்ட். மரபணு தெரிந்தால் எந்த உறுப்பைத் தொடர்ந்து கண்காணிப்பது என்பது தெரியும்: சிஇபி290 என்றால் விழித்திரையும் சிறுநீரகமும், டிஎம்இஎம்67 என்றால் கல்லீரல்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கம்

ஒரு மாதிரி வரி: ‘ஏஎஸ்பிஎம், எக்ஸான் 18, ஹோமோசைகஸ், ஸ்டாப் மாற்றம், ஆழம் 94, ஒடுங்கு மரபு, பேத்தோஜெனிக்.’ ஹோமோசைகஸ் என்றால் இரு பிரதியிலும் ஒரே பிழை. ஆழம் 94 என்பது அந்த எழுத்தை 94 முறை படித்தார்கள் என்று. இது 8, 10 என்றிருந்தால் சாங்கர் உறுதிப்படுத்தல் இல்லாமல் நம்பக்கூடாது. கடைசிச் சொல் 2015இல் வந்த ஐந்து படி வகைப்பாட்டில் இருந்து: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது.

நடுவிலுள்ளதுதான் வியூஎஸ். வீட்டில் ‘ஏதோ கிடைச்சிருக்காம்’ என்று பேசுவது பெரும்பாலும் இதைத்தான். வியூஎஸ்ஸை வைத்துக் கர்ப்பத்தில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. பெற்றோரிடம் அதே இடத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பிரதி கெட்டாலே நோய் தரும் மரபணுவில், பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் இருந்தால் அதன் எடை கூடும். நலமாக இருக்கும் பெற்றோரிடமும் இருந்தால் எடை குறையும். விதிவிலக்கு டிசிஎக்ஸ், எஃப்எல்என்ஏ அம்மாக்கள். எஃப்எல்என்ஏ பெண்களுக்கு மூளை அறைகளின் ஓரத்தில் செல் முடிச்சுகள் இருந்தும் புத்தி இயல்பாக இருக்கலாம். அவர்களுக்கு மகாதமனி விரியக்கூடும் என்பதால் எக்கோவும் எடுக்கவேண்டும்.

அடுத்த கர்ப்பத்தின் நாள்காட்டி

ரிப்போர்ட் வர 4 முதல் 6 வாரம் என்பார்கள், பெற்றோர் உறுதிப்படுத்தலுக்கு இன்னும் சில வாரம். ஆகவே கர்ப்பமான பிறகு முதல் குழந்தைக்கு டெஸ்ட் தொடங்குவது நேரத்தோடு சூதாடுவது. பிழை கையில் இருந்தால் 11 முதல் 14 வாரத்துக்குள் சிவிஎஸ் (நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பது), அல்லது 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் டெஸ்ட். கருவின் பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம். 2021 சட்டத் திருத்தப்படி கருவில் குறை என்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கலைக்கலாம். பெரிய குறை என்றால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழுவிடம் போகலாம்.

‘20 வாரத்தில் அனாமலி ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு ஊசி?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் 20 வாரத்தில் எல்லாக் கருவின் மூளையும் ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கும். மடிப்புகள் அதற்குப் பிறகுதான் மளமளவென்று விழுகின்றன. லிசென்செஃபலியை அந்த ஸ்கேனில் நல்ல கண்ணும் தவறவிடும். படம் தெளிவாகும்போது 24 வாரம் தாண்டிவிட்டிருக்கும்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

வெறும் ரிப்போர்ட் என்பது இன்றைய அறிவில், அந்தத் திசுவில், அந்த ஆழத்தில் கிடைக்கவில்லை என்ற அளவுக்குத்தான் பொருள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசினால் சிலருக்கு விடை கிடைக்கிறது. புது இரத்தம் வேண்டாம், செலவும் மிகக் குறைவு. இரண்டு வயதுக்குள் எடுத்த எம்ஆர்ஐ என்றால் அதையும் திரும்ப எடுக்கலாம். வெள்ளைப்பகுதி முதிராத மூளையில் புறணிக்கும் அதற்கும் எல்லைக்கோடு மங்கலாக இருப்பதால் சின்னக் குறைகள் ஒளிந்துகொள்ளும்.

கச்சாத் தரவு பல ஜிபி வரும். ஆய்வகங்கள் அதைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே எழுத்துமூலம் கேட்டு, ஃபாஸ்ட்க்யூ, விசிஎஃப் என்ற இரண்டு வகைக் கோப்புகளையும் ஹார்டு டிஸ்கில் வாங்கி, மாதிரி எண்ணையும் தேதியையும் மேலே எழுதி, எம்ஆர்ஐ சிடியோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.